கம்பியின்றி மணியை ஒலிக்கச் செய்த ஜகதீஷ் சந்திர போஸ்

கொல்கத்தா: காற்றில் பரவியிருக்கும் வானொலி அலைகளின் ஆற்றலைத் திரட்டி, சிறு கருவிகளை பேட்டரி இன்றி இயக்கும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெற்று வருகின்றன. அலையை உள்வாங்கும் ஆண்டெனாவும், அதை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றும் டையோடும் இணைந்த அமைப்பே இதன் அடிப்படை. அந்த டையோடின் முன்னோடிகளுள் ஒன்று, கொல்கத்தா மாநிலக் கல்லூரியின் சிறிய அறை ஒன்றில் உருவானது. அதை உருவாக்கியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

இன்றைய வங்கதேசப் பகுதியில் 1858 நவம்பர் 30 அன்று பிறந்த போஸ், அரசு அதிகாரியின் மகன். ஆயினும், தந்தையின் விருப்பப்படி தொடக்கக் கல்வியைத் தாய்மொழிப் பள்ளியிலேயே பயின்றார். மருத்துவம் பயில லண்டன் சென்றவர், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார்.

1885-இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியப் பேராசிரியர்களின் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்களுக்கு அளிக்கப்பட்டது. தற்காலிகப் பணி என்பதால் போஸுக்கு அதிலும் பாதிதான். அவர் வகுப்புகளைப் புறக்கணிக்கவில்லை. ஊதியத்தை வாங்க மறுத்தார். குடும்பம் கடனில் இருந்த நிலையிலும் மூன்று ஆண்டுகள் அந்த உறுதியில் நின்றார். இறுதியில் நிர்வாகம் பணிந்து, முன்தேதியிட்டு முழு ஊதியத்தையும் வழங்கியது.

1894-இல் அவர் தொடங்கிய மின்காந்த அலை ஆய்வுகளுக்குத் தகர வேலை செய்யும் ஒரு தொழிலாளியே துணை. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகளின் நீளம் 60 செ.மீ.க்கும் அதிகம். போஸ் அதை 5 மி.மீ. அளவுக்குக் குறைத்தார். அலை சிறியதாக இருந்தால், ஒளியைப் போன்ற அதன் பண்புகளை மேசை மீதே ஆராயலாம் என்பது அவர் கணக்கு.

1895-இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்த அலைகளால் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். இதனைக் கம்பியில்லா மின்சாரம் என்று சிலர் கருதுவது சரியன்று. அலை அங்கு ஒரு சுவிட்சாக மட்டுமே செயல்பட்டது. மணியை இயக்கிய ஆற்றல் மின்கலத்தில் இருந்து வந்தது.

ஆற்றல் அறுவடைக்கு நெருக்கமானது அவரது அடுத்த படைப்பு. கலீனா எனப்படும் ஈயத் தாதுப் படிகத்தின் மீது உலோக முனையைப் பொருத்தி, வானொலி அலைகளை உணரும் கருவியை வடிவமைத்தார். பிற்காலத்தில் பேட்டரியே இல்லாமல், அலையின் ஆற்றலால் மட்டும் ஒலித்த படிக வானொலிகள் இதே வகைப் படிகத்தைப் பயன்படுத்தின.

அறிவு அனைவருக்கும் பொது எனக் கருதிய போஸ், காப்புரிமையை விரும்பவில்லை. சகோதரி நிவேதிதை, அமெரிக்கரான சாரா புல் ஆகியோரின் வற்புறுத்தலால் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904-இல் 755840 என்ற எண்ணில் கிடைத்த அந்த உரிமையை அவர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். மார்க்கோனி வானொலியால் பெரும் வணிகம் கண்ட காலத்தில், போஸின் கவனம் தாவரங்களின் உணர்திறன் மீது திரும்பியிருந்தது.

1917-இல் தமது பிறந்தநாளன்று போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார்.

டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டைன், 1955-இல் ஜெரால்ட் பியர்சனுடன் எழுதிய குறைக்கடத்தி வரலாற்றில், வானொலி அலைகளை உணரக் குறைக்கடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவராகப் போஸைக் குறிப்பிட்டுள்ளார்.