முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மகள்கள்

டோல்கேட்ல எங்க வீட்டு மொட்டைமாடியில் ஒரு முல்லைத் தொட்டி இருக்கு. ரெண்டு வருஷமா வெறும் இலைதான். கன்டெய்னர் லாரிப் புழுதி, கடல் உப்புக்காத்து, இதுதான் காரணம்னு நினைச்சோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துட்டு, படர ஒண்ணும் கொடுக்காம பூவை எப்படிக் கேக்குறீங்கன்னு திட்டினாங்க. தை மாசக் கடைசியில் கவாத்து பண்ணி, பழைய கேபிள் ஒயரை இழுத்துக் கட்டினோம். புதுத் தளிர் அதைச் சுத்திக்கிட்டு ஏறிச்சு. மொட்டும் வந்துச்சு.

அப்போதான் பாரி ஞாபகம் வந்தான். அவனைப் பத்தி உங்களுக்கும் தேர் கதை மட்டும்தானே தெரியும்? மீதியையும் கேளுங்க.

சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் பறம்பு மலையை ஆண்ட வேளிர் தலைவன் பாரி. இன்னைக்கு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற பிரான்மலைதான் அதுன்னு சொல்றாங்க. பறம்பு நாட்டில் 300 ஊர். எல்லாத்தையும் கேட்டு வந்தவங்களுக்கே கொடுத்துட்டான். போற வழியில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் தவித்த முல்லைக்கொடியைப் பார்த்ததும், தேரையே நிறுத்திக் கொடுத்துட்டு வந்தான். ஒரு குச்சி நட்டால் போதாதா? நம்ம பாஷையில் இது படுபயங்கர ஓவர் டிசைன். தமிழில் இதுக்குப் பேரே உண்டு: கொடைமடம். யோசிக்காம கொடுக்கிற அழகான முட்டாள்தனம். யோசிச்சிருந்தா குச்சியைத் தேடிப் போயிருப்பான், அவ்வளவுதான்.

அவன் புகழைப் பொறுக்காத சேர, சோழ, பாண்டியர் மூணு பேரும் சேர்ந்து மலையை முற்றுகை போட்டாங்க. மலை அசையலை. உழாமலே கிடைக்கிற மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன், இந்த நாலும் உள்ளே இருந்தவங்களுக்குச் சோறு போட்டுச்சு. கிளிகளைப் பழக்கி வெளியிலிருந்து நெற்கதிர் கொண்டுவந்த கதையும் உண்டு. கடைசியில் வஞ்சகமாத்தான் பாரியைக் கொன்னாங்கன்னு சொல்வாங்க.

அவனுக்கு ரெண்டு மகள்கள். அங்கவை, சங்கவைங்கிறது பின்னால் வந்த பேர். சங்கப் பாட்டில் அவங்க வெறும் பாரி மகளிர்தான். அப்பாவையும் மலையையும் இழந்த நிலா இரவைப் பத்தி அவங்க பாடின பாட்டு ஒண்ணு புறநானூற்றில் இருக்கு. ரொம்பச் சின்னப் பாட்டு. படிச்சுட்டு உடனே அடுத்த பக்கம் திருப்ப முடியாது.

கொழுகொம்பு இல்லாத கொடின்னு ஊர்ல சொல்வாங்களே, அப்படித்தான் நின்னாங்க ரெண்டு பேரும். கூட இருந்தது பாரியின் நண்பர், புலவர் கபிலர் மட்டும்தான். அவங்களைக் கூட்டிக்கிட்டு வாசல் வாசலா அலைஞ்சார். விச்சிக்கோனிடம் கேட்டார்; நடக்கலை. இருங்கோவேள் மறுத்துட்டான். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பொண்ணுங்கன்னு சொல்லித்தான் கேட்டார், பாருங்க. மூணு பேரரசர்களுக்குப் பயந்தாங்களோ என்னவோ, தேர் கொடுக்க ஆள் இல்லை.

கடைசியில் திருக்கோவிலூரில் வழி பிறந்தது. பாரி மகளை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாக அந்த ஊர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு சொல்லுது. தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை, மேலே குட்டியா ஒரு கோயில். கபிலர் குன்றுன்னு பேர். திருவண்ணாமலை பக்கம் டூர் போனா இறங்கிப் பாருங்க.