கொரிந்தில் ஒரு கூடாரத் தொழிலாளி

கிரேக்க நாட்டுக்குத் திருயாத்திரை செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் ஏதென்ஸ் நகரோடு திரும்பிவிடாதீர்கள். மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் சென்றால் பழைய கொரிந்தின் இடிபாடுகளைக் காணலாம். முதலில் கண்ணில் படுபவை அப்பலோ தெய்வத்தின் கோவில் தூண்கள் ஏழு. புனித சின்னப்பர் இங்கு வந்தபோதே அவற்றுக்கு அறுநூறு வயதாகியிருந்தது.

அவர் வந்தது கி.பி. 50ஆம் ஆண்டளவில். தர்சு நகரில் பிறந்து, முடியப்பரைக் கல்லெறிந்து கொன்றவர்களின் ஆடைகளுக்குக் காவல் நின்று, தமஸ்கு வழியில் ஆண்டவரால் ஆட்கொள்ளப்பட்டவர் அவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் கொரிந்துக்கு வந்தபோது அவர் எந்நிலையில் இருந்தார் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. பிலிப்பியில் தடியடியும் சிறையும். தெசலோனிக்கேயிலிருந்து இரவோடிரவாகத் தப்பி ஓட்டம். ஏதென்சில் படித்தவர்களின் ஏளனம். வலுவிழந்து அச்சத்தோடு நடுங்கியபடியே வந்ததாக அவரே பின்னர் எழுதினார்.

உரோமையர் கி.மு. 146இல் தரைமட்டமாக்கி, கி.மு. 44இல் யூலியஸ் சீசர் மீண்டும் எழுப்பிய ஊர் இது. இருபுறமும் துறைமுகங்கள். வணிகர், கப்பலோட்டிகள், விடுதலை பெற்ற அடிமைகள் என எல்லாச் சனமும் கலந்த இடம். இங்கேதான், யூதர் உரோமையை விட்டு வெளியேற வேண்டுமென்ற கிளவுதியு பேரரசனின் கட்டளையால் வந்து சேர்ந்த அக்கில்லாவையும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவையும் சின்னப்பர் சந்தித்தார். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்வது. அவர்கள் வீட்டிலேயே தங்கிக் கைத்தொழில் செய்து சாப்பிட்டார். ஓய்வுநாளில் செபக்கூடத்தில் போதித்தார். கொரிந்தியரிடம் ஊதியம் வாங்கவில்லை. அதையும் சிலர் குறையாகவே எடுத்துக்கொண்டனர்!

இடிபாடுகளின் நடுவே உயர்ந்த கல்மேடை ஒன்று நிற்கிறது. அங்கே சற்று நில்லுங்கள். சின்னப்பர் ஆளுநன் கல்லியோன் முன் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நீதியிருக்கை அதுவென்று கருதப்படுகிறது. அவர் வாய் திறக்குமுன்னரே, இது உங்கள் மதச் சச்சரவு என்று சொல்லி ஆளுநன் வழக்கைத் தள்ளிவிட்டான். தீர்ப்பு மாறியிருந்தால் அந்த இளம் திருச்சபையின் கதி என்னவாகியிருக்கும்? இக்கல்லியோனின் பெயர் பொறித்த கல்வெட்டு டெல்பி நகரில் கிடைத்தது. அவன் 51, 52ஆம் ஆண்டளவில் ஆண்டான் என்பது அதனாலேயே தெரியவந்தது. சின்னப்பரின் வாழ்க்கைக்கு ஆண்டுக் கணக்கு வகுப்போர் இன்றும் அதையே பற்றிக்கொள்கின்றனர்.

ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் தங்கிய பின் அவர் புறப்பட்டார். பின்னர் எபேசில் இருந்தபோது வந்து சேர்ந்த செய்திகள் அவர் நெஞ்சை வருத்தின. நான் சின்னப்பர் கட்சி, நான் இராயப்பர் கட்சி என்று சண்டை. சகோதரர் மீது சகோதரர் வழக்கு. ஆண்டவரின் விருந்தில் வசதியுள்ளோர் வயிறு நிரம்ப உண்ண ஏழைகள் பசியோடிருக்கும் கொடுமை. பங்குத்தந்தையர் எவரும் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவர். அவர் நேரில் சென்றபோது மனம் நோகத் திரும்ப நேர்ந்தது. கண்ணீரோடு கடிதம் எழுதினார், தீத்துவை அனுப்பினார், தீத்து நல்ல செய்தியோடு வரும்வரை ஊர் ஊராக அமைதியின்றி அலைந்தார். அம்மக்களைக் கைவிட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

மீண்டும் வந்தார். மூன்று மாதம் தங்கினார். உரோமையருக்கு எழுதிய பெருந்திருமுகம் அந்நாட்களிலேயே உருவானதென்பது அறிஞர் பலரின் முடிவு. அதன் பின் எருசலேமில் கைது, உரோமையில் விலங்கு, நீரோ காலத்தில் வாளால் மரணம்.

மாலையில் நேரமிருந்தால் கிழக்குத் துறையான கெங்கிரேயாவுக்கும் போய் வாருங்கள். உரோமைக்கான அத்திருமுகத்தைக் கொண்டு சென்றவராகக் கருதப்படும் பெபேயாள் அம்மையார் அவ்வூர்ச் சபையின் பணியாளர். பழைய துறையின் ஒரு பகுதியைக் கடல் மூடிவிட்டது. கரையில் நின்று குனிந்து பார்த்தால், தண்ணீருக்கடியில் சுவர்கள் தெரியும்.