டேவிட் செம்பிள்

சர் டேவிட் செம்பிள் (1856 – 1937) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவரும் நுண்ணுயிரியல் அறிஞரும் ஆவார். வெறிநாய்க்கடி நோய்க்கு (ரேபீஸ்) இவர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட தடுப்பு மருந்து இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று மக்கள் அஞ்சியது இம்மருந்தைத்தான்.

தொடக்கப் பணிகள்

இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவப் பள்ளியில் ஆல்ம்ரோத் ரைட்டுடன் இணைந்து ஆய்வு செய்தார். கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை ஊசி மூலம் செலுத்தி டைபாய்டு காய்ச்சலைத் தடுக்கும் முறையை இருவரும் 1897 இல் வெளியிட்டனர். விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மால்ட்டா காய்ச்சலைக் கண்டறியும் குருதிச் சோதனையிலும் இறந்த பாக்டீரியாக்களைப் பயன்படுத்தினர். வெறிநாய்க்கடி நோய் பாக்டீரியாவால் அன்றி, தீநுண்மத்தால் வருவது. எனினும் கிருமியைக் கொன்று மருந்தாக்கும் அதே வழியையே செம்பிள் அதற்கும் பின்பற்றினார்.

கசௌலியில்

இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1900 இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தையும், பின்னர் 1905 இல் அங்கு உருவான மத்திய ஆராய்ச்சி நிலையத்தையும் செம்பிள் இயக்குநராக இருந்து நடத்தினார்.

பாஸ்டரின் முறையில், நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அன்றன்றே மருந்து தயாரிக்க வேண்டும். ஆகவே கடிபட்டவர் நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து கசௌலி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நோய்க்குறி தோன்றிவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி என்பதால், பயணத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது. 1907 இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின் கொங்கு நாட்டவருக்குத் தொலைவு குறைந்தது. ஆனாலும் மலையேறிச் சென்று பல நாட்கள் தங்க வேண்டியிருந்தது.

செம்பிள், நோயுற்ற விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்து 37 பாகை வெப்பத்தில் வைத்துத் தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்தார். இம்மருந்தைப் புட்டியில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. மருந்து நோயாளியைத் தேடி வந்ததே இவரது பெரும் சாதனை எனலாம்.

குறைபாடு

மருந்தில் விலங்கின் மூளைத் திசுவும் கலந்திருந்தது. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையிலுள்ள புரதத்தை எதிர்க்கப் பழகிய உடல், சிலருக்குத் தன் சொந்த நரம்புகளையே தாக்கியது. இதனால் பக்கவாதமும், அரிதாக மரணமும் நேர்ந்தன. நாள்தோறும் வயிற்றில் இடப்பட்ட ஊசிகளின் வலி வேறு. ஆயினும் செய்முறை எளிது, விலையும் குறைவு. ஆகவே ஆட்டு மூளையிலிருந்து இம்மருந்தைத் தயாரிப்பது குன்னூர் உட்படப் பல இடங்களிலும் நெடுங்காலம் தொடர்ந்தது.

மூளைத் திசு மருந்துகளைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தி வந்தது. செம்பிள் இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே, 2004 இறுதியில், இந்தியாவில் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தற்போது உயிரணு வளர்ப்பு முறையில் தயாரிக்கப்படும் மருந்து, நான்கு அல்லது ஐந்து தவணைகளில் மேற்கையில் செலுத்தப்படுகிறது.