மங்கலில் தெளிந்த முகங்கள்

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று.

அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்து உருத்துலக்கவும் வேண்டும். எதிரே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். மற்றவர்கள் லென்ஸைத் திருகிக் கூர்மையைத் தேடினர். கேமரனோ முகம் தமக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். கருந்துணிப் பின்னணியில் ஒரு புறமிருந்து மட்டும் ஒளி விழ, முகம் இருளிலிருந்து மெல்ல எழும். பின்னர் 15க்கு 12 அங்குலத் தகடுகளைக் கையாண்டார்.

புகைப்படச் சங்கத்தார் இதைத் திறமைக்குறைவு என்றே கருதினர். விரல்தடமும் பூச்சு உரிந்த வடுவும் அவர் படங்களில் உண்டு. அவை அனைத்தையும் கொள்கையென்று போற்றுவது மிகை. சில வெறும் கவனக்குறைவே. ஆயினும் 1867இல் எடுத்த ஹெர்ஷல் படத்தின் முன் அந்த வழக்கு நில்லாது. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவின் இயல்பைக் கண்டறிந்த அந்த வானியல் அறிஞரைத் தலைமுடியைக் கழுவிவரச் செய்தார் என்பர். அந்த வெண்முடி ஒளிவட்டமாகவே நிற்கிறது. அண்டைவீட்டாரான கவிஞர் டெனிசனையும் அவர் பலமுறை எடுத்தார். அவற்றுள் 1865ஆம் ஆண்டுப் படமொன்றுக்கு அழுக்குத் துறவி என்று கேலிப்பெயர் சூட்டியவர் டெனிசனே.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் அங்குக் குடியேறினர். சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுசென்றனர் என்பர். களுத்துறையில் வீட்டுப் பணியாளரையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். அவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. டெனிசன், டார்வின், கார்லைல் படங்களுக்குப் பெயருண்டு. இவற்றுக்கோ உழவர், இளம்பெண் என்னும் பொதுச்சொற்களே தலைப்பு. பார்வையில் மட்டும் அதே ஆழம். அம்முகங்களுக்கு உரியவர் யாரென்று அவர் ஏன் எழுதி வைக்கவில்லை என்னும் கேள்வி, அப்படங்களைப் பார்க்குந்தோறும் எழுகிறது.

1879 ஜனவரி 26இல் திக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மறு ஆண்டு மறைந்த கணவரும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள்.