நுரையை விரட்டப் போராடிய துறவி! யார் இந்த டோம் பெரினியோன்? திராட்சை அறுவடைக்கு அவர் எப்படித் தயாரானார்?

கார் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மேடையில் பாட்டிலைக் குலுக்கி நுரையைப் பீய்ச்சி அடிப்பாங்களே, அந்த ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் யார்? பலரும் சொல்லும் பெயர், டோம் பெரினியோன். ஆனா உண்மைக் கதை வேற. பாட்டிலுக்குள் நுரையே வரக்கூடாது என்று மெனக்கெட்டவர் அவர். அவருடைய நிஜ சாதனை, திராட்சை அறுவடைக்குத் தயாரான விதத்தில் இருக்கிறது.

யார் இவர்?

இயற்பெயர் பியர் பெரினியோன். பிரான்சின் வடகிழக்கில் உள்ள சாந்த் மெனு என்ற ஊரில் 1638-ல் பிறந்தவர். மன்னர் பதினான்காம் லூயி பிறந்ததும் அதே ஆண்டுதான். இருவரும் இறந்ததும் ஒரே ஆண்டில், 1715-ல். இளம் வயதிலேயே பெனடிக்ட் சபையில் துறவியானார். 'டோம்' என்பது அந்தத் துறவிகளுக்கான மரியாதைப் பட்டம்.

1668-ல், ஷாம்பெயின் வட்டாரத்தில் மார்ன் ஆற்றைப் பார்த்த சரிவில் இருக்கும் ஓவிலே மடத்துக்கு வந்தார். ஆமாம், ஷாம்பெயின் என்பது முதலில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே அவருக்குக் கிடைத்தது கிடங்குப் பொறுப்பு. சாப்பாட்டுச் சாமான், கணக்கு, நிலம், ஒயின் எல்லாமே அவர் தலையில். போர்களால் நொடிந்துபோயிருந்த மடம் அது. ஒயின் விற்றால்தான் காசு. சாகும்வரை 47 ஆண்டுகள் அதே வேலையில் இருந்தார்.

சிக்கல் என்ன?

ஷாம்பெயின் குளிரான பகுதி. திராட்சை பழுக்க செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். மழை முந்திக்கொண்டால் பழம் அழுகும். இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. அவர் எடுக்க நினைத்தது வெளிர் நிற ஒயின். ஆனா நம்பியதோ கறுப்புத் திராட்சையை. அதன் சாற்றுக்கு நிறம் கிடையாது, நிறம் எல்லாம் தோலில்தான். வழியில் பழம் நசுங்கினால் சாயம் சாற்றில் இறங்கிவிடும், வெயில் பட்டால் அங்கேயே புளிக்கவும் ஆரம்பிக்கும். ஒரு வருஷ வருமானம் அந்தச் சில நாட்களில் போய்விடலாம்.

அதனால் அறுவடை வேலை குளிர்காலத்திலேயே தொடங்கியது. கொடிகளைக் கடுமையாகக் கவாத்து செய்ய வைத்தார். காய்ப்பு குறையும், ஆனா இருக்கிற பழத்தில் சுவை ஏறும். பழுக்கும் நேரம் வந்ததும் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் பழம் வரவழைத்து, இரவு முழுக்க ஜன்னலோரம் வைத்திருந்து, காலையில் வெறும் வயிற்றில் சுவைத்துப் பார்ப்பாராம். எந்தத் தோட்டத்துப் பழத்தை எதோடு சேர்ப்பது என்பதைப் பிழிவதற்கு முன்பே முடிவு செய்தார். பல ஊர்களிலிருந்து மடத்துக்கு வரவேண்டிய பங்கும் திராட்சையாகவே வந்ததால், கலந்து பார்க்க அவரிடம் நிறைய வகை இருந்தது.

பறிப்பதற்கும் கறாரான முறை இருந்தது. பனி ஈரம் காயாத அதிகாலையில்தான் பறிக்கணும். உடைந்தது, அடிபட்டது எல்லாம் அங்கேயே கழித்துவிடணும். பிழியும் இடம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கணும். தூரம் என்றால் கழுதை, கோவேறு கழுதையில் கொண்டு வரலாம், மிரண்டு துள்ளும் குதிரை வேண்டாம். காலால் மிதிப்பது கூடாது. மெதுவாக, ஆனா சீக்கிரம் பிழியணும். முதலில் இறங்கும் சாறுதான் உயர்ந்தது, கடைசிச் சாறு தனி. இந்த முறைகள் அவருக்குப் பின் வந்த பியர் என்ற மடத்துச் சகோதரரின் எழுத்திலும், 1718-ல் வெளியான ஷாம்பெயின் ஒயின் நூலிலும் பதிவாகியிருக்கின்றன.

அப்போ நுரை எப்படி வந்தது?

குளிர்காலத்தில் ஈஸ்ட் உறங்கிவிடும், வசந்தத்தில் விழித்து மறுபடி புளிக்கும். மூடிய பாட்டிலுக்குள் அப்படி நடந்தால் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கும். அதனால் பெரினியோனுக்கு நுரை ஒரு நோய் மாதிரி. அவர் ஓவிலேவுக்கு வருவதற்கு 6 ஆண்டுகள் முன்பே, 1662-ல், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதை இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மெரெட் எழுதிவிட்டார்!

பெரினியோன்தான் கண்டுபிடித்தார் என்ற கதையைப் பரப்பியது, அதே மடத்தின் முன்னாள் துறவி குரோசார் 1821-ல் எழுதிய கடிதம். அவர் பார்வையற்றவர் என்பதும் அந்த மாதிரி கட்டுக்கதைதான். முதல் மிடறைக் குடித்துவிட்டு நட்சத்திரங்களைச் சொன்னார் என்பார்களே, அந்த வசனம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த விளம்பரத்தின் வேலை. மொயட் ஏ ஷாந்தோன் நிறுவனம் 1921 அறுவடையில் எடுத்த ஒயினை 1936-ல் அவர் பெயரிலேயே விற்பனைக்கு விட்டது. நல்லா நுரைக்கிற ஒயின்தான்!

இன்றும் ஷாம்பெயினில் இயந்திரத்தால் அறுவடை செய்ய அனுமதி இல்லை, கையால்தான் பறிக்கணும். எந்த ஊரில் என்று தொடங்கலாம் என்பதை ஆண்டுதோறும் தேதி குறித்து அறிவிக்கிறார்கள். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் எடுக்கக்கூடாது. அதில் முதல் 2,050 லிட்டரைத் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள்.