வழக்காடியே வாழ்ந்தவர்

சைமன் கமிஷன் என்ற பெயரைக் கேளாதவர் நம்மில் இரார். அதற்குக் காட்டப்பட்ட கறுப்புக் கொடியையும் அறிவோம். ஆனால் அந்தக் கமிஷனைக் கப்பலேற்றி அனுப்பிவைத்த சீமை மந்திரி யார் என்றால், சட்டென்று பெயர் சொல்வோர் சிலரே. அவர்தான் பர்க்கன்ஹெட் பிரபு.

பிரபு என்றதும் பரம்பரைச் சீமான் என்று எண்ணிவிடாதீர்கள். பிரடெரிக் எட்வின் ஸ்மித் என்பது இயற்பெயர். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் என்னும் துறைமுக ஊரில் 1872ல் பிறந்தார். பதினாறு வயதில் தந்தையை இழந்தார். உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். நாவன்மையால் அங்கே கொடி நாட்டினார். 1899ல் பாரிஸ்டர் ஆனார். சன்லைட் சோப்பு முதலாளி லீவர், தம்மைத் தாக்கி எழுதிய டெய்லி மெயில் பத்திரிகைமீது வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்டபோது, நாலடி உயரக் காகிதக் கட்டை ஓரிரவில் படித்து, தொடுக்கலாம் என்று விடியுமுன் எழுதிக் கொடுத்தாராம் ஸ்மித். லீவருக்குக் கிடைத்த நட்ட ஈடு 50,000 பவுன்! மூளை இருந்தது, அதை விலைக்குக் கேட்க ஆளும் இருந்தது.

1906 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி மண்ணைக் கவ்வியது. தப்பிப் பிழைத்து வந்த சிலரில் ஸ்மித்தும் ஒருவர். காமன்ஸ் சபையில் அவர் ஆற்றிய முதற்பேச்சே ஆளுங்கட்சியை நார்நாராய்க் கிழித்தது. ஒரே இரவில் புகழ் வந்தது.

இனித்தான் கதை கசக்கிறது. அயர்லாந்துக்குச் சுயாட்சி கூடாது என்று வடக்கே அல்ஸ்டர் பகுதியினர் ஆயுதம் தூக்கத் துணிந்தனர். அவர்களுக்குத் தோள் கொடுத்தவர் ஸ்மித். 1914 ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகள் அல்ஸ்டரில் திருட்டுத்தனமாக இறங்கின. யாரும் தூக்கு மேடை ஏறவில்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1916ல், அதே ஜெர்மனியின் ஆயுத உதவியை அயர்லாந்தின் விடுதலைக்காக நாடினார் ரோஜர் கேஸ்மெண்ட். காங்கோவிலும் பெருவிலும் ரப்பர்க் காடுகளில் தொழிலாளர் பட்ட சித்திரவதையை உலகுக்குச் சொன்ன உத்தமர் அவர். இடையில் போர் மூண்டிருந்தது. எனவே அது ராஜத் துரோகமாம். சர்க்கார் தரப்பில் நின்று அவருக்கு எதிராக வாதாடியவர், அட்டர்னி ஜெனரல் ஸ்மித்! இந்த முரண்பாட்டைக் கூண்டில் நின்றபடியே கேஸ்மெண்ட் சுட்டிக்காட்டினார். பிரபுக்கள் சபைக்கு அப்பீல் செய்ய அன்று அட்டர்னி ஜெனரலின் அனுமதி வேண்டியிருந்தது. ஸ்மித் மறுத்தார். ஆகஸ்ட் 3ல் கேஸ்மெண்ட் தூக்கிலிடப்பட்டார். ஸ்மித்தோ 1919ல், 46 வயதில், அன்று நாட்டின் தலைமை நீதிப் பதவியாக இருந்த லார்டு சான்ஸலர் ஆசனத்தில் அமர்ந்தார்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1921ல் அயர்லாந்துடன் ஒப்பந்தம் பேச அமர்ந்தபோது, எதிரே இருந்த மைக்கேல் காலின்ஸ் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். டிசம்பர் 6ல் கையெழுத்தும் போட்டார். பழைய தோழர் கார்சனே பிரபுக்கள் சபையில் சீறினார். பர்க்கன்ஹெட் பின்வாங்கவில்லை. அவர் வாழ்வில் தம் கட்சிக்காரரையே எதிர்த்து வாதாடிய வழக்கு அது. எதிர்த்தரப்பும் மேசையில் இருந்ததால் கிடைத்த தீர்வு அது.

அந்தப் பாடத்தை இந்தியா விஷயத்தில் மறந்தார். 1924 நவம்பரில் இந்தியா மந்திரி ஆனார். நான்கு ஆண்டுப் பதவிக் காலத்தில் இந்திய மண்ணை மிதிக்கவே இல்லை! 1929ல் அமைக்கவேண்டிய கமிஷனை 1927லேயே அமைத்தார். அவசரம் ஏன்? அடுத்த தேர்தலில் தொழிற்கட்சி வந்துவிட்டால் ஆட்களைப் பொறுக்கும் உரிமை அவர்கள் கைக்குப் போய்விடுமே! வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் இந்த அச்சத்தை அவர் ஒளிக்கவும் இல்லை. தலைவர் சைமன், ஆக்ஸ்போர்டில் அதே கல்லூரியில் உடன் படித்தவர், அவரும் வக்கீல். ஏழு பேரும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தார். முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் தலைவிதியை ஆராயும் குழுவில் ஓர் இந்தியர்கூட இல்லை.

1928 பிப்ரவரி 3ல் கமிஷன் பம்பாயில் இறங்கிற்று. அன்றே சென்னையில் கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு. பாரி முனையருகே மார்பைத் திறந்து காட்டி நின்றார் பிரகாசம். அக்டோபரில் லாகூரில் தடியடிபட்ட லாலா லஜபதி ராய் நவம்பர் 17ல் மறைந்தார். எல்லாரும் ஒரே வழி சென்றனர் என்று நான் சொல்லமாட்டேன். ஒடுக்கப்பட்டோரின் குறையைப் பதிவு செய்ய இதுவும் ஒரு வாயில் என்று கருதி அண்ணல் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். சென்னை மாகாணத்திலும் ஒத்துழைத்தோர் உண்டு. ஆனால் அவர்களுக்குங்கூட அக்குழுவில் நாற்காலி இல்லை, சாட்சிக் கூண்டுதான். முடிந்தால் ஒன்றுபட்டு ஓர் அரசியல் சட்டம் வகுத்துக் காட்டுங்கள் என்று பர்க்கன்ஹெட் சவால் வேறு விட்டார். 1928 ஆகஸ்டில் மோதிலால் நேருவின் குழு எழுதிக் காட்டிற்று. அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பது ஊரறிந்த கதை.

இதற்கிடையே, 1926 மே மாதத்தில் நிலக்கரித் தொழிலாளரின் கூலியைக் காக்க பிரிட்டனே ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தது. பர்க்கன்ஹெட் இருந்த மந்திரிசபை மறு ஆண்டே சட்டம் கொண்டுவந்து, ஒரு தொழிலாளிக்காக இன்னொரு தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வதைத் தடுத்தது.

ஆடம்பரமும் குடியும் கடனை வளர்த்தன. மந்திரிச் சம்பளம் போதவில்லை. 1928 அக்டோபரில் பதவியை விட்டுக் கம்பெனி டைரக்டர் ஆனார். 1930 செப்டம்பர் 30ல், 58 வயதில் இறந்தார். சைமன் அறிக்கை வெளிவந்து சில மாதமே ஆகியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் வட்டமேசையைச் சுற்றி இந்தியர்கள் அமர்ந்தனர்.

சைமனோடு வந்த எழுவரில், தொழிற்கட்சியின் சார்பில் வந்த ஒருவர் கிளமண்ட் அட்லி. 1945ல் அவர் பிரதமர் ஆனார். 1927ம் ஆண்டின் வேலைநிறுத்தத் தடைச் சட்டத்தை 1946ல் ரத்து செய்தது அவருடைய சர்க்கார். இந்தியாவின் விடுதலைச் சட்டத்தை 1947ல் நிறைவேற்றியதும் அதே சர்க்கார்தான்.