காந்தியின் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோன நானிக் மோட்வானே: கூம்பு ஸ்பீக்கர் மைதானத்தில் ஜெயித்தது ஏன், வீட்டில் திணறுவது ஏன்?

காந்தியும் நேருவும் மேடையில் பேசும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மைக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல படங்களில் அதன் மேல் ஒரு சின்னப் பெயர்ப் பலகை இருக்கும்: சிகாகோ ரேடியோ. பெயரைப் பார்த்து அமெரிக்க கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். அது பம்பாயில் இருந்த ஒரு சிந்திக் குடும்பத்தின் நிறுவனம். அதை வளர்த்தவர் நானிக் மோட்வானே.

அவருடைய அப்பா கியான்சந்த் சிந்து மாகாணத்தில் தொடங்கிய மின்பொருள் வியாபாரம், பின்னர் பம்பாய்க்கு இடம் மாறியது. 1929-இல் நானிக்குக்கு 27 வயது இருக்கும். அந்தக் காலத்தில் காந்தி கூட்டம் என்றால் ஒரே மைதானத்தில் பல மேடைகள் போடுவார்கள். அவர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பேச வேண்டும். ஏன்னா அவர் குரல் மெல்லியது, முன்வரிசையைத் தாண்டினால் கேட்காது. இதைப் பார்த்த மோட்வானே, வெளிநாட்டு மைக், ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கிகளை வரவழைத்து, பிரித்துப் பார்த்து, வேலையைக் கற்றுக்கொண்டார்.

1931 மார்ச்சில் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு. காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதம். பகத் சிங் தூக்கிலிடப்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன, கூட்டத்தில் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. காந்தி சொல்வது அரைகுறையாகக் காதில் விழக்கூடாத நேரம் அது. அங்கே மோட்வானேயின் ஒலிபெருக்கிகள் தயாராக இருந்தன. அதற்குப் பிறகு பெரிய கூட்டங்களுக்கு அவருடைய கருவிகள் ரயிலிலும் லாரியிலும் போய்க்கொண்டே இருந்தன.

கூம்பு ஏன்?

அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சக்தி குறைவு. சாதாரணக் காகிதக் கோன் ஸ்பீக்கர், வாங்கும் மின்சாரத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் ஒலியாக மாற்றும். நல்ல கூம்பு ஒன்று 20 சதவீதத்துக்கும் மேல் மாற்றும். குறுகிய தொண்டையில் இருக்கும் சின்ன சவ்வு, காற்றை நேரடியாகத் தள்ளினால் பாதி உழைப்பு வீண். கூம்பு அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துத் திறந்தவெளியில் விடுகிறது. அதோடு, ஒலியை எந்தத் திசைக்கு வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

ஆனா இதற்கு ஒரு விலை உண்டு. கூம்பின் வாய் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுதான் அதனால் கீழே இறங்க முடியும். தோராயக் கணக்கு இது: வாயின் சுற்றளவு, நீங்கள் கேட்க விரும்பும் மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் அளவுக்காவது இருக்க வேண்டும். 300 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 1.13 மீட்டர், அதாவது வாய் விட்டம் 36 செ.மீ. லாரியில் ஏற்றிவிடலாம். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் விட்டம் 2 மீட்டரைத் தாண்டும்.

மைதானத்துக்கு இது குறையே இல்லை. ஆண் குரலின் அடிப்படை ஒலி 100–150 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தாலும், சொல்லைச் சொல்லாகப் புரியவைக்கும் மெய்யெழுத்து ஒலிகள் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். தொலைபேசியே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் அனுப்பி வேலையை முடித்தது. கனத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கும் பேரம் இது. என் பார்வையில் நியாயமான பேரம்தான்.

வீட்டில் என்ன ஆகிறது?

டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு கூம்பை வாங்கி வந்து ஃப்ளாட்டில் பாட்டு போட்டால், நாதஸ்வரம் பிரமாதமாக இருக்கும், தவில் காணாமல் போயிருக்கும். அதனால்தான் வீட்டில் கிராஸ்ஓவர் தேவை. தாழ்ந்த ஒலியைக் கோன் ஸ்பீக்கருக்கும் உயர்ந்ததைக் கூம்புக்கும் பிரித்து அனுப்பும் சின்ன சர்க்யூட் அது. பிரிக்கும் இடத்தைக் கூம்பின் எல்லையிலேயே வைக்கக்கூடாது, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு மேலே வைப்பது பாதுகாப்பு. 300 ஹெர்ட்ஸ் கூம்புக்கு 500, 600. எல்லைக்குக் கீழே காற்றின் பிடிமானம் போய்விடும், சவ்வு அளவுக்கு மீறி ஆடிக் கிழிந்துவிடும்.

கோன் ஸ்பீக்கருக்கும் ஒரு பலகை வேண்டும், அதாவது பேஃபிள். பலகை இல்லாவிட்டால் கோனின் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். மூடிய பெட்டியிலும் முகப்பு அகலம் முக்கியம். 115-ஐ அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால், ஒலி மெலியத் தொடங்கும் இடம் தோராயமாகக் கிடைக்கும். அரை மீட்டர் பலகைக்கு 230 ஹெர்ட்ஸ். அமெரிக்கர் பால் கிளிப்ஷ் 1940-களில் இன்னொரு வழி கண்டுபிடித்தார். மடித்த கூம்பை அறையின் மூலையில் வைத்து, இரண்டு சுவர்களையே கூம்பின் தொடர்ச்சி ஆக்கினார். மூலை காலியாக இருந்தால் சரி. நம் வாடகை வீடுகளில் அங்கே ஏற்கெனவே ஃபிரிட்ஜ் நிற்கும்.

1942: கடையே போயிருக்கும்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் தலைவர்கள் கைதானதும், பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசியமாக காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் போலீஸ் பிடித்தது. வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஐந்து பேரில் மோட்வானேயும் ஒருவர்; உபகரண உதவி செய்தார் என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு. யோசித்துப் பாருங்கள், போர்க்காலத்தில் ரேடியோ பொருட்கள் விற்கும் வியாபாரிமேல் ராஜதுரோக வகை வழக்கு. தண்டனை கிடைத்திருந்தால் குடும்பத் தொழில் அதோடு முடிந்திருக்கும். 1943-இல் சிறப்பு நீதிமன்றம் உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை விதித்தது, மோட்வானே விடுவிக்கப்பட்டார். அவருடைய நிறுவனம் உதவியது உண்மைதான் என்பதை உஷா மேத்தா பிற்காலத்தில் வெளிப்படையாகவே நினைவுகூர்ந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நேரு பேசிய மேடைகளில் அவருடைய மைக் நின்றது. 1970-இல் மோட்வானே காலமானார். அதற்குள் கோயில் திருவிழா முதல் தேர்தல் ஜீப் வரை கூம்பு ஏறாத இடமே இல்லை. இன்று அதே கூம்புகளைக் கழற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் வருகின்றன.